ரோபோவுக்கு உப்புச் சுற்றிய கதை

அறிவியல் மனப்பான்மையை வளர்க்கப் போன இடத்தில் ஒரு ரோபோவுக்குத் திருஷ்டி கழிக்கச் சொன்னவன் நான். முதல் தடவை மற்றவர்கள் சுற்றினார்கள், நான் தடுத்தேன். இரண்டாவது தடவை நானே வாய்விட்டுக் கேட்டேன். இத்தனை வருஷம் கழித்து இதை ஒப்புக்கொள்வதற்குக் காரணம் நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும், இனி மறைத்துப் பிரயோசனம் இல்லை.

இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் பொறியியல் முடித்துவிட்டு சின்னமனூரில் வீட்டோடு இருந்தேன். வேலைக்கான கடிதம் கையில் இருந்தது. எப்போது சேர வேண்டும் என்பதைப் பிறகு தெரிவிப்போம் என்று அதன் கடைசி வரியும் இருந்தது. (அந்தப் ‘பிறகு’ வரவே இல்லை.) பெங்களூரு போய் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கி வேலை தேடலாம் என்பது என் ஆசை. அப்பாவுக்கு வாழைக்காய் மண்டி. வேலை இருக்கிறவன்தான் வெளியூர் போக வேண்டும், வேலை தேடுகிறவன் வீட்டில் இருந்தே தேடலாம் என்பது அவர் கட்சி.

பயோடேட்டாவில் சமூக சேவை என்று ஒரு வரி இருந்தால் கம்பெனிக்காரர்கள் மயங்கிவிடுவார்கள் என்று ஒரு நண்பன் சொன்னான். பொட்டிப்புரம் தாண்டி ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் போய்க் கேட்டேன், சனிக்கிழமை தோறும் ரோபோ பற்றிச் சொல்லித்தருகிறேன் என்று. தலைமையாசிரியர் சந்தோஷமாகத் தலையாட்டினார். பிறகு மெதுவாக, “ரோபோன்னா கம்ப்யூட்டர்தானே தம்பி?” என்றார். இல்லை என்றேன். “அப்ப சரி” என்றார். எது சரி என்று எனக்குப் புரியவில்லை.

ரோபோ என்றால் கை, கால், தலை எல்லாம் வைத்து நீங்கள் கற்பனை செய்வீர்கள். ஊரும் அப்படித்தான் கற்பனை செய்தது. என்னிடம் இருந்தது ஒரு சோப்பு டப்பா. இரண்டு சக்கரம், ஒரு பேட்டரி, அடியில் தரையைப் பார்த்தபடி இரண்டு கண். வெள்ளைத் தரையில் கறுப்பு டேப் ஒட்டினால் அந்தக் கோட்டின் மேலேயே ஓடும். கல்லூரியில் நாலு பேர் சேர்ந்து செய்தது. என் பங்கு, மதுரைக்குப் போய்ச் சக்கரம் வாங்கி வந்தது.

முதல் வகுப்பில் கம்பீரமாக ஆரம்பித்தேன். “தானாகப் பார்த்து, தானாக முடிவெடுத்து, தானாக வேலை செய்கிற இயந்திரம்தான் ரோபோ.”

ஏழாம் வகுப்புப் பாண்டீஸ்வரி கையைத் தூக்கினாள். திராட்சைத் தோட்டத்து வீட்டுப் பிள்ளை. “எங்க கெணத்து மோட்டாரும் அப்படித்தான் சார். மும்முனை கரண்ட் வந்தா அதுவா ஓடும், போனா அதுவா நின்னுக்கிரும். அப்ப அதுவும் ரோபோவா?”

“இல்ல. அது ஆட்டோமேட்டிக்.”

“இது?”

“இதுவும் ஆட்டோமேட்டிக்தான். ஆனா ரோபோ.”

பிள்ளைகள் எல்லோரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எழுதியதை அழிக்கச் சொன்னேன். பிறகு பாதியை மட்டும் எழுதச் சொன்னேன். அன்று பஸ்ஸில் திரும்பும்போது கிணற்று மோட்டார் ரோபோதானோ என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ஒன்றே ஒன்றைத்தான் உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தேன். எது நடந்தாலும் உற்றுப் பார், பார்த்ததை எழுது, காரணத்தைப் பிறகு தேடு. இதைப் பாண்டீஸ்வரி ஒருத்திதான் நம்பினாள் என்று நினைக்கிறேன். நான் நம்பவில்லை என்பது உறுதி.

இரண்டு மாதம் வகுப்பறைக்குள் சோப்பு டப்பா சமர்த்தாக ஓடியது. தலைமையாசிரியருக்கு உற்சாகம் பொங்கி, பெற்றோரையும் ஊராட்சித் தலைவரையும் கூப்பிட்டு விழாவே வைத்துவிட்டார். வீட்டில் சொன்னேன். அப்பா சாப்பாட்டிலிருந்து தலை நிமிராமல், “நானும் வாரேன். அந்தச் சாமான் நீ சொன்னபடி ஓடுச்சுன்னா பெங்களூரு போ. ஓடலைன்னா திங்கக்கிழமை மண்டிக்கு வந்து வாழைத்தார் எறக்கு” என்றார். அம்மா அவசரமாக எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். வாழைத்தார் இறக்குகிறவனுக்குப் பலம் வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

விழா அன்று கூட்டம் வகுப்பறைக்குள் கொள்ளவில்லை. மைதானத்துக்கு மாற்றினார்கள். கறுப்பு டேப் ஒட்ட வெள்ளைத் தரை வேண்டுமே, அதற்கு ஏதோ ஒரு காதணி விழாவின் ஃபிளெக்ஸ் பேனரைக் குப்புறப் போட்டோம். (தாய்மாமன்கள் பதினோரு பேரும் மண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.) ஆடி மாதக் காற்று பேனரைத் தூக்கியதால் ஓரத்துக்கு ஓரம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்தோம். மேற்கு மலையைத் தாண்டி மேகம் துண்டு துண்டாக வந்து போய்க்கொண்டிருந்தது. அப்பா முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார்.

சோப்பு டப்பாவை வெளியே எடுத்ததும் கூட்டத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் ஓடியது. “எலிப்பொறிக்குச் சக்கரம் வச்ச மாதிரில்ல இருக்கு” என்றார் சத்துணவு சமைக்கும் முருகாயி அக்கா.

ஊராட்சித் தலைவர் மரியாதையாகக் கேட்டார். “இது என்ன செய்யும் தம்பி?”

“இந்தக் கோட்டு மேலயே போகும்ங்கய்யா.”

“போயி?”

“சுத்திட்டு இங்கனயே வந்துரும்.”

“இங்கனதான வரணும்? அதுக்கு எதுக்குப் போகணும்?”

பதிலுக்குச் சுவிட்சைப் போட்டேன்.

அது நின்ற இடத்திலேயே இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு கோட்டை விட்டு இறங்கி நேராகத் தலைவரின் செருப்பை நோக்கிப் போனது. எடுத்துக் கோட்டில் வைத்தேன். இந்தத் தடவை மூன்றாம் வகுப்பைப் பார்த்துப் போனது. எடைக்கு உட்கார வைத்திருந்த பிள்ளைகள் அலறிக்கொண்டு எழுந்தார்கள், பேனர் பறந்தது, தாய்மாமன்கள் எழுந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்கள். மறுபடி விரித்தோம், மறுபடி வைத்தேன், மறுபடி தவறியது. பேட்டரி என்றார் அறிவியல் ஆசிரியர். வயர் என்றார் தலைமையாசிரியர். மண் உள்ளே போயிருக்கும் என்றார் விளையாட்டு ஆசிரியர். மூன்றுக்கும் “ஆமாம் சார்” என்றேன். நடுவில் பாண்டீஸ்வரி என் சட்டையை இழுத்து, “சார், நெழலு…” என்றாள். “அப்புறம் சொல்லும்மா” என்று அவளைத் தள்ளி நிறுத்தினேன்.

“சாரு, இது கண்ணு பட்டுப்போச்சு” என்றார் முருகாயி அக்கா. “இத்தனை பேரும் ஒண்ணையே மொறைச்சுப் பாத்தா எதுதான் நேரா போகும்? தலைவரு வந்துருக்காக, உங்கப்பா வந்துருக்காக, நானா இருந்தாலும் தடுமாறத்தான் செய்வேன்.” சமையல்கட்டுக்குப் போய்க் கல் உப்பும் மிளகாயும் அள்ளி வந்துவிட்டார்.

“அக்கா, வேண்டாம். இது அறிவியல்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போடப் போனார். நான் சுவிட்சைப் போட்டேன். சோப்பு டப்பா கோட்டைப் பிடித்தது. வளைவில் வளைந்தது, நேரில் நேராகப் போனது, குடம் ஏந்திய பெண் மாதிரி அத்தனை நிதானம். ஊரே கை தட்டியது. நானும் தட்டினேன். கடைசி வளைவில் சட்டென்று மனம் மாறி வேலி பக்கம் போய்விட்டது.

இந்த இடத்தில்தான் என் நாலு வருஷப் படிப்பு என்னைக் கைவிட்டது. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அடுக்கடுக்காக வாழைத்தார் தெரிந்தது. “அக்கா,” என்று மைக் கையில் இருப்பதை மறந்து கேட்டுவிட்டேன், “மிச்ச உப்பு இருக்கா?”

இருந்தது. சுற்றினார். இந்தத் தடவை உப்பும் பலிக்கவில்லை, ரோபோ பேனருக்குள்ளேயே நிற்கவில்லை. எனக்கு இருந்த குழப்பத்தில் இன்னும் இரண்டு மிளகாய் சேர்க்கச் சொல்லியிருப்பேன்.

அதற்குள் பாண்டீஸ்வரி தலைமையாசிரியர் அறையிலிருந்து அவருடைய பெரிய கறுப்புக் குடையைத் தூக்கி வந்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. ரோபோவைக் கோட்டில் வைத்து, மேலே குடையைப் பிடித்து, “போடுங்க சார்” என்றாள்.

ஓடியது. அவள் கூடவே நடந்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. ஒரு தப்பு இல்லை. குடை பிடித்துச் சாமி ஊர்வலம் போவதைப் பார்த்த பழக்கத்தில் யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பையன்கள் பள்ளி டிரம்மை அடிக்க ஆரம்பித்தார்கள். தலைவர் செருப்பைக் கழற்றினார்.

பாண்டீஸ்வரி நோட்டை நீட்டினாள். நேரம் போட்டு எழுதியிருந்தாள். ‘வெயில். போகவில்லை. உப்பு சுற்றினார்கள், மேகமும் வந்தது. சரியாகப் போகிறது. உப்பு சுற்றினார்கள், வெயில். போகவில்லை.’ படித்ததும்தான் எனக்கு இரண்டாம் வருஷப் பாடம் நினைவு வந்தது. ரோபோவின் கண் நமக்குத் தெரியாத ஓர் ஒளியை அனுப்பி, அது திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது. அதே ஒளியைச் சூரியனும் கொட்டினால் அதற்குக் கண் கூசிவிடும். வகுப்பறைக்குள் வெயில் இல்லை, அதனால் எனக்குத் தெரியவில்லை. இவ்வளவுதான் விஷயம். அவளைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பெருமையாக இருந்தது, அதற்கு எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தும்.

திரும்பும் பஸ் தேவாரம் ஊரைத் தாண்டியதும் அப்பாவிடம் நானே கேட்டேன். “ஓடிருச்சுலப்பா. நான் பெங்களூரு போகட்டுமா?”

“ஓட வச்சது அந்தப் புள்ள. நீ உப்புக் கேட்ட.”

“அப்ப மண்டியா?”

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதை வைத்துத்தான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. “மண்டி வெயில்ல இருக்குலே. உனக்கு ஒத்துக்கிராது. பெங்களூருல ஏசி போட்ட ஆபீஸாப் பாத்து உக்காரு.”

அப்படித்தான் நான் பெங்களூரு போனேன். ஆறு வருஷம் கழித்துச் சின்னமனூரில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு உச்சி வெயிலில். காரை விட்டு இறங்கியதும் தலைக்கு மேல் நிழல் விழுந்தது. கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த பாண்டீஸ்வரி குடை பிடித்து நின்றாள். பின்னால் பழைய மூன்றாம் வகுப்பு நாலைந்து பேர், கையில் டிரம். பெண் வீட்டார் இது என்ன முறை என்று கேட்க, அவள் என் மனைவியாகப் போகிறவளிடமே போய்ச் சொன்னாள். “வெயில் பட்டா சாரு கோட்டை விட்டு எறங்கிருவாருக்கா. நெழல்ல வச்சே ஓட்டுங்க.”

மேடையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் மனைவி முதன்முதலாகக் கேட்ட கேள்வி, “உப்பு யாரு சுத்தினா?” என்பதுதான். அப்பா அதற்குள் சொல்லி முடித்திருந்தார். இன்றைக்கும் நான் கொத்தமல்லி வாங்கப் போய்ப் புதினாவோடு திரும்பினால் அவள் திட்டுவதில்லை. கையில் குடையைக் கொடுத்து மறுபடி அனுப்புகிறாள்.