எதிர்வீட்டில் கிடைத்த ஜாடி

விம்கோ நகர்,
10.2.2002

அன்புமிக்க மச்சான் செங்குட்டுவனுக்கு,

லட்சுமணன் வணக்கம் கூறி எழுதுவது. உன் அக்கா ரமாபாய் சுகம். மகள் செங்கொடி மிகமிகச் சுகம். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. விவரம் கீழே கண்டவாறு.

செங்கொடி கல்லூரியில் தொல்லியல் படிப்பது நீ அறிந்ததே. கம்ப்யூட்டர் எடு என்று நான் தலைபாடாய் அடித்துக்கொண்டபோது, புள்ள ஆசைப்படுது வுடு மாமா என்று குறுக்கே வந்தவன் நீதான். இப்போது அவர்களுடைய வாத்தியாரம்மா, அவரவர் தெருவில் உள்ள பழைய பொருட்களைத் தேடி அளந்து வரையச் சொல்லியிருக்கிறார். பெத்த அப்பன் வூட்டுலதானே மொதல்ல தேடணும்? தேடுனா. ஒண்ணும் கெடைக்கல. எப்படிக் கெடைக்கும், நாமதான் வருசா வருசம் போகிக்குப் பழசையெல்லாம் கொளுத்திட்டு, கொளுத்த முடியாததக் குப்பமேட்டுல போட்டுட்டு, வூட்டத் தொடச்சு வெச்சுகினு கீறோமே. எதிர்வூட்டு லூர்து வேதக்காரன், அவனுக்கு ஏது போகி? ரிட்டயர் ஆன மனுசன், துருப்புடிச்ச ஆணியக்கூடத் தூக்கிப் போட்டதில்ல. காலேஜ் வுட்டா செங்கொடி நேரா அங்கதான். வாய்க்கு வாய் லூர்து மாமாவாம். தாய்மாமன் நீ ஒருத்தன் உசுரோட இருக்கச்சொல்ல, அவன் இன்னா மாமா? எனக்கு வயிறு எரியுது மச்சான், மறைக்க இன்னா கீது. ஷிப்ட் முடிஞ்சு வந்தா, வந்துட்டியா நைனான்னு கேக்க ஆளில்ல.

போன வாரம் வாத்தியாரம்மாவே வந்து லூர்து வூட்டுல ஒரு பீங்கான் ஜாடியப் போட்டோ புடிச்சாங்க. தெருவே நின்னு வேடிக்க பாத்துச்சு. நானும் எட்டிப் பாக்குறேன், அது நம்ம வூட்டு ஊறுகா ஜாடி. உங்கப்பா சீரா குடுத்தது, அப்பவே பழசு. வாய்ல சில்லு பேந்துடுச்சுன்னு உன் அக்காதான் ஒரு போகிக்குத் தூக்கிப் போட்டா. அந்தாளு பொறுக்கியாந்து கழுவி வெச்சிகினு கீறான். இது எங்க ஜாடின்னு அத்தினி பேர் எதிர்லயும் சொன்னேன். ஆமாங்க, ஒங்களுதுதான், எடுத்துக்கோங்கன்றான். அவ்ளோ நல்லவனாம். அதுக்குள்ள என் பொண்ணு சொல்றா:

"பொருளு யாருதுன்றது அப்பால நைனா. எங்க கெடைச்சுதுன்றதுதான் முக்கியம். இது லூர்து மாமா வூட்டுலதான் கெடைச்சுது."

வாத்தியாரம்மா அவ முதுகத் தட்டிக் குடுத்து அப்படியே எழுதிக்கினாங்க. நான் படிக்க வெச்ச படிப்பு, என் வூட்டு ஜாடிய எதிர்வூட்டுக்குப் பட்டா போட்டுக் குடுத்துருச்சு.

ஆகையால் மச்சான், வரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் புறப்பட்டு வந்து, அவளை அந்தப் படிப்பிலிருந்து நிறுத்தி கம்ப்யூட்டரில் சேர்க்கவும். அப்படியே லூர்துவையும் வாசலில் நிற்கவைத்து நாலு வார்த்தை கேட்கவும். உன் வீட்டாருக்கு என் அன்பு. பிள்ளைகள் நீடூழி வாழ்க, பழசு எதையும் தொடாமல் வாழ்க.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன்,
லட்சுமணன்

பி.கு.: கவர ஒட்டிகினு இருக்கறப்ப லூர்து வந்தான். மூஞ்சி செத்துக் கெடந்துச்சு. செங்கொடி கொஞ்ச நாளா அவன் வூட்டுப் பக்கமே வர்றதில்லயாம். நான் இன்னான்னா அவ அங்கதான் கீறான்னு நெனச்சிகினு கீறேன். டோல்கேட்டாண்ட அமீருதீன் பாய் வூட்டுல ஏதோ பழைய கப்பல் மணி கீதாம், அங்கயே குந்திகினு கீறாளாம், பாய் மாமான்னு கூப்புடுறாளாம். சொல்லும்போதே லூர்துக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பாவம், தங்கமான மனுசன். படிப்பு பாட்டுக்குப் போவட்டும், நிறுத்தாத. ஞாயித்துக்கெழம நீ இங்க வராம நேரா டோல்கேட் பஸ் ஸ்டாப்புக்கு வந்துடு. நானும் லூர்தும் நிப்போம். மூணு பேருமா போயி, அந்த பாய் வூட்டுல அப்படி இன்னாதான் கீதுன்னு பாத்துடலாம்.