அல்பேட் அண்ணை மறந்துபோன பன்றி

மொன்ட்ரியால்-நோர்
9.8.2006

இயேசுவுக்குப் புகழ்!

மதிப்புக்குரிய அண்ணன் அல்பேட் அவர்களுக்குத் தங்கை அஞ்சலீனா எழுதிக்கொள்வது,

மாதாவின் மன்றாட்டால் இங்கே நானும் இவரும் மகள் சஜிதாவும் சுகம். கர்க்லாண்டில் நீங்களும் அண்ணியும் மகள் அஜிதாவும், வீட்டு முன்றிலில் புதிதாய்ப் பதித்த புல்லும் செழிப்பாயிருக்க நேற்றைய செபமாலையில் வேண்டிக்கொண்டேன். தொலைபேசியில் சொல்லக்கூடிய விஷயந்தான். ஆனால் நான் வாய் திறக்க முதலே "பேந்து கதைப்பம் தங்கச்சி" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

பங்கின் ஆண்டு மலரில் நீங்கள் எழுதிய "என் இளமையின் கோடைகள்" கட்டுரையை வாசித்தேன். வாசித்தேன் என்ன, சாப்பாட்டு மேசையில் வைத்து, என் அண்ணன் எழுதியது என்ற பெருமையில் உரத்து வாசித்தேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பங்கின் கியூபெக் சுவாமியார் தன் வான் வண்டியில் இரண்டு கோடை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டிய கமக்காரரின் கோடைக் கண்காட்சியைப் பற்றி எவ்வளவு உருக்கமாக எழுதியிருக்கிறீர்கள்! "கேட்பார் யாருமின்றி நாங்கள் எல்லோரும் சிட்டுகளாய்ப் பறந்தோம்." "கன்றுக்குட்டியின் ஈர மூக்கில் கன்னம் பதித்தோம்." "இராட்டினத்தின் உச்சியில் உலகை மறந்தோம்." இந்த இடத்தில் சஜிதா சோற்றுக் கையை அப்படியே நிறுத்தினாள்.

"மாமாவுக்கு அப்ப எத்தினை வயசு?"

"பதினேழு."

"எனக்குப் பதினாறு. நானும் என்ர பிரண்ட் கிளோடினும் அதே கண்காட்சிக்குப் போகக் கேட்டதுக்கு அப்பா ஏன் மாட்டன் எண்டவர்?"

அச்சில் வந்த விஷயமல்லவா! எழுதியவரிடமே கேட்போம் என்று இவர் உங்களுக்குத் தொலைபேசி எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார். நீங்கள் சொன்னதை நாங்கள் மூவரும் கேட்டோம்.

"ஐயோ மச்சான், அது கட்டுரை! பொம்பிளைப் பிள்ளையளை உதுகளுக்கு விடுறதே? என்ர அஜிதாவும் கேட்டவள். கதவடியிலயே மறிச்சுப்போட்டன்."

அதோடு இவரும் "மாமாவே சொல்லிப்போட்டார்" என்று கையைக் கழுவிவிட்டார். சஜிதா அறைக்குள் போனவள்தான். அன்றிலிருந்து எங்களோடு பிரெஞ்சில் மட்டுந்தான் பேச்சு. நன்றிக்கு அவள் சொல்லுகிற "மெர்சி" இருக்கிறதே, அதைவிட எங்களுக்கு இரண்டு அடி அடித்திருக்கலாம். கண்காட்சி வருகிற கிழமைச் சனிக்கிழமை. அதற்குள் உங்கள் வாயாலேயே இதைச் சரிக்கட்ட வேண்டும்.

அண்ணை, "நாங்கள் எல்லோரும்" என்று எழுதினீர்களே, அந்த எல்லோரும் யார்? அந்த இரண்டு கோடையும் நானும் என் கூட்டாளி திரேசம்மாவும் மரத்தடியில் நிறுத்திய வானுக்குள் இருந்து உங்கள் மீன் ரோல்ஸில் மொய்த்த இலையான் கலைத்தோம். பெண்பிள்ளைகள் சனத்துக்குள் போகக்கூடாது என்பது எங்கள் அப்பாவின் கட்டளை, அதைக் காவல்காத்தவர் நீங்கள். இராட்டினத்தின் மேல் பாதியை எனக்கு நன்றாகத் தெரியும், மாட்டுக் கொட்டில் கூரைக்கு மேலால் தெரிந்தது. கீழ்ப் பாதியை உங்கள் கட்டுரையில்தான் கண்டேன். கன்றுக்குட்டிக் கதையும் அப்படித்தான். அது உங்கள் கையை நக்கப் பார்த்தவுடன், ஒற்றைச் செருப்போடு நீங்கள் ஓடிவந்து வான் கதவை உள்ளாலே பூட்டியதற்குத் திரேசம்மா சாட்சி.

அது போகட்டும். பன்றி எங்கே அண்ணை? வீட்டுக் கணக்கை ஒரு சதம் தவறாமல் எழுதுகிறவள் நான். முழுசாய் ஒரு பெட்டைப் பன்றியை நீங்கள் கழித்துவிட்டால் எனக்குத் தெரியாதா? ஊர்க் கோயில் திருநாளில் நேர்ச்சைக்கு வந்த சேவலையும் பலாப்பழத்தையும் ஏலம் கூறும்போது இளந்தாரிகள் விலையை ஏற்றிவிட்டு நழுவுவது வழக்கம், கோயிலுக்குத்தானே காசு, உங்களுக்கு மேலே கேட்க அங்கே எப்போதும் காசுள்ள ஒரு சம்மாட்டியார் நிற்பார், அந்த நினைப்பில் இங்கேயும் மாட்டுத் தொழுவத்தடியில் ஒருவன் மூச்சுவிடாமல் ஏலம் கூறக் கண்டு நீங்கள் கையை உயர்த்தினீர்கள், பிறகும் உயர்த்தினீர்கள், இங்கே சம்மாட்டியார் இல்லை, பன்றி உங்கள் தலையில் விழுந்தது, சிட்டுகள் எல்லாம் வானுக்குப் பறந்து வந்தன, கடைசியாய் வந்த நீங்கள் "அஞ்சலி, உனக்குத்தானே பிரெஞ்சு ஓடும், போய்ச் சொல்லு" என்று கெஞ்சினீர்கள். அன்றைக்குச் சனத்துக்குள் போகலாமோ கூடாதோ என்று ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு ஓடிய பிரெஞ்சு பூசைப் புத்தகத்தில் நானாகப் பழகியது. ஏலம் கூறிய அந்தப் பெரிய மனிசனுக்கு முன்னால் நின்று, தெரிந்ததைச் சொன்னேன்: "என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே. இந்தப் பன்றியை ஏற்றுக்கொள்ள நான் தகுதியற்றவள்." அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். பன்றியை அடுத்த ஆளுக்குக் கொடுத்து, என்னை வான்வரை கூட்டிவந்தும் விட்டார். என் இளமையின் கோடை அவ்வளவுதான் அண்ணை. அந்தக் கண்காட்சியை நான் கண்ணால் கண்டது பன்றியைத் திருப்பிக் கொடுக்கப் போன நேரம் மட்டும்.

எனக்கு இப்போது அதில் ஒரு ஆசையும் இல்லை. முப்பத்தேழு வயதில் இராட்டினம் எதற்கு, செபமாலை போதும். ஆனால் சஜிதாவை வானுக்குள் இருத்த என்னால் ஏலாது. ஞாயிறு பூசை முடிய முதல் நீங்கள் இவருக்குத் தொலைபேசி எடுத்து, "மச்சான், பிள்ளையை விடுங்கோ" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கிறிஸ்மஸ் மலருக்கு நானும் ஒரு கட்டுரை கொடுப்பேன். தலைப்பு உங்களுக்குத் தெரியும். அதுவரை இந்த விஷயம் என்னோடும் ஆண்டவரோடும் இருக்கும்.

அண்ணிக்கு என் அன்பு. அஜிதாவுக்கு முத்தங்கள். அந்தோனியார் உங்கள் வீட்டையும், காணாமற்போன உங்கள் ஞாபகத்தையும் காத்தருள்வாராக.

அன்புத் தங்கை,
அஞ்சலீனா

பி.கு: மேலே உள்ள பயமுறுத்தலைத் தள்ளிவிடுங்கள். நான் தபால் முத்திரை தேடப் போன இடைவெளியில் இவர் கடிதத்தை எடுத்து வாசித்துவிட்டார். "தகுதியற்றவள்" என்ற இடத்தில் சிரிக்கத் தொடங்கியவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. பிறகு சஜிதாவைக் கூப்பிட்டு முழுக்க வாசித்துக் காட்டி, "பண்டியைத் திருப்பிக் குடுத்தவளின்ர பிள்ளைக்கு என்ன பயம்? போகட்டும்" என்றுவிட்டார். அவள் அந்த நிமிடமே அஜிதாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். ஆகவே இந்தக் கடிதம் வந்து சேர முதலே பன்றி உங்கள் வீட்டில் நிற்கும். அஜிதாவும் போகலாம் என்று அண்ணி சொல்லியாயிற்று, நீங்கள் இனிச் சொல்ல ஒன்றுமில்லை. கண்காட்சியன்று இவருக்கு வேலை, கார் இல்லை. சனிக்கிழமை காலமை உங்கள் வானோடு இங்கே வாருங்கள். பின்னால் சஜிதா, கிளோடின், அஜிதா. முன் சீற்றில் சாமான் ஒன்றும் வைக்க வேண்டாம். நான் வாறன்.