விரிசலுக்கு ஒப்புதல் இல்லை

கணினிப் படத்தில் ஒரு பொருள் பிறக்கும்போது புதுச் சோப்புக்கட்டியைப் போல வழவழவென்று இருக்கும். அதன்மேல் துரு, பாசி, விரிசல், வெற்றிலைக் கறை ஆகியவற்றை முறைப்படி ஏற்றி, நம்பத்தக்கதாக்குவது டெக்ஸ்சரிங் கலைஞரின் பணி. சிறுசேரி நிறுவனமொன்றில் ஸ்வாதி அப்பணியில் இருந்தாள்.

பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு துறை, தன் சாதனைகளைக் குறித்து ஐந்து நிமிட அனிமேஷன் படம் கேட்டது. அதில் இடம்பெறவிருந்த கோவளம் பேருந்து நிழற்குடையை ஸ்வாதி நேரில் சென்று புகைப்படம் எடுத்தாள்.

"மேல கூரையயும் எடு பாப்பா, விரிசல்ல வானமே தெரியுது," என்றாள் மீன்கூடையுடன் பேருந்துக்குக் காத்திருந்த சம்பூர்ணம். "மூணு மனு குட்த்தாச்சு. ஐப்பசி வந்தா நனைஞ்சிகினுதான் நிக்கணும். படத்துல பாத்தாவது சரி பண்றானுங்களா பாப்போம்."

அந்தக் கூரை விரிசலை மட்டும் ஸ்வாதி மூன்று நாள் வரைந்தாள். ஒப்புதலுக்குப் போட்டுக் காட்டியபோது, துறையின் உதவி இயக்குநர் பக்தவத்சலம் அந்த இடத்தில் படத்தை நிறுத்தினார்.

"இந்த விரிசலுக்கு யார் ஒப்புதல் கொடுத்தது?"

"அங்க நிஜமாவே இருக்கு சார்."

"இருக்கலாம். கோப்புல இல்லையே. போன மார்ச்லயே கூரையைப் பழுது பார்த்தாச்சு."

"துருவாவது கொஞ்சம் இருக்கட்டும் சார். இல்லேன்னா பொம்மை மாதிரி தெரியும்."

அவர் பரிசீலித்தார். "இருக்கட்டும். இளநீலமா இருக்கட்டும்."

படத்தைக் கண்டு மகிழ்ந்த மேலதிகாரி, நிழற்குடையை வெள்ளிக்கிழமை நேரில் பார்வையிடுவதாக அறிவித்தார். கூரையைச் சீரமைக்க ஒப்பந்தப்புள்ளி, ஒப்பீட்டுப் பட்டியல் என மூன்று மாதம் தேவை. ஆகவே ஸ்வாதி வரைந்த மேற்பரப்புகள் அனைத்தும் உரிய அளவில் ஃபிளெக்ஸில் அச்சிடப்பட்டு, நிழற்குடையின்மீது இழுத்துக் கட்டப்பட்டன. மேலதிகாரி இளநீலத் துருவைத் தொட்டுப் பார்த்துப் பாராட்டிச் சென்றார்.

ஐப்பசி மழை பிடித்தது. குற்றவுணர்வோடு ஸ்வாதி கோவளம் வந்தாள்.

"மன்னிச்சிடுங்கக்கா. விரிசலை எடுக்கச் சொல்லிட்டாங்க."

"அட, இன்னாத்துக்கு மன்னிப்பு? ஃபிளெக்ஸு கட்னாங்கல்ல, ஒரு சொட்டு எறங்கல. மூணு மனுவுக்கு வராதது உன் படத்துக்கு வந்துச்சு. அப்டியே எங்க ரோட்டுக்கும் ஒண்ணு போட்டுக் குடு."

நான்காம் மனுவில் அறுபத்திரண்டு பேர் கையெழுத்திட்டனர். ரேஷன் கடைக்கு ஒரு படம், பள்ளிச் சுவருக்கு ஒரு படம், சாலைக்குக் குழியில்லாத படம் ஒன்று கோரப்பட்டிருந்தது. ஸ்வாதி தன் அடுக்ககத்தின் ஒழுகும் கூரையின் அளவையும் எழுதிச் சேர்த்தாள். பழுதுபார்க்க வேண்டும் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை.

அத்துறையில் கொடுத்த அன்றே ஏற்கப்பட்ட முதல் மனு அது.