பச்சை மூடிக் குழாயும் பாதி மழித்த மாமனாரும்

திடகாத்திரமாக உட்கார்ந்து முகம் மழித்துக்கொண்டிருந்த ஒரு மனிதரை, ஐந்தே நிமிடத்தில் சாகக் கிடப்பவராக மாற்றியவன் நான். கம்பத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்துப் பிழைக்கிற எனக்கு இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த மனிதர் என் மாமனார் என்பது கூடுதல் வெட்கம்.

அப்போது கல்யாணமாகி மூன்று மாதம். கூடலூரில் ஏலக்காய் வியாபாரம் செய்த மாமனாருக்குத் தேனியில் குடலிறக்க ஆபரேஷன் செய்ய முடிவாகியிருந்தது. அதற்கு முன் ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்த்து வரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. மாப்பிள்ளை லேப் வைத்திருக்கும்போது வெளியே எதற்கு என்று நானே வலியப் போய்க் கூப்பிட்டேன். (யாரு கேட்டா?)

காலையில் வந்தார். கை நீட்டினார். ஊசியைக் குத்திய பிறகுதான் பார்க்கிறேன், அந்தச் சோதனைக்கு வேண்டிய நீல மூடிக் குழாய் ஒன்றுகூட இல்லை. பச்சை மூடிதான் கிடந்தது. இரண்டுமே ரத்தத்தை உறையவிடாமல் வைத்திருக்கும் குழாய்கள்தானே, எதில் பிடித்தால் என்ன என்று பிடித்துவிட்டேன். மாமனார் இரண்டு தெரு தள்ளி இருந்த எங்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார்.

சோதனை மருந்தை விட்டால் பன்னிரண்டு, பதின்மூன்று விநாடியில் உறைய வேண்டும். ஒரு நிமிடம் ஆயிற்று. உறையவில்லை. மூன்று நிமிடம். தண்ணீர் மாதிரி ஆடுகிறது. மருந்தை மாற்றி மறுபடி பார்த்தேன். நான்கு முறை பார்த்தேன். ரத்தம் அசையாமல் நிற்கவே இல்லை. சின்னக் கீறல் விழுந்தாலும் மனிதர் பிழைக்க மாட்டார் என்று தோன்றியது. என் மனைவி செல்வியின் முகம் கண்முன் வந்தது. (ஒப்பிட்டுப் பார்க்க என் ரத்தத்தையும் பச்சை மூடியில் எடுத்திருந்தால், அதுவும் உறைந்திருக்காது, ரெண்டு பேருமா சேர்ந்து படுத்திருப்போம்.)

வீட்டுக்கு ஓடினேன். கண்ணாடி முன்னால் மாமனார். ஒரு கன்னம் பளபள, மறு கன்னம் முழுக்க நுரை. கையில் பிளேடு.

பாய்ந்து பிடுங்கினேன். "மாமா, அசையாதீங்க. பேசாதீங்க, நாக்கக் கடிச்சுக்கிருவீங்க."

செல்வி அழ ஆரம்பித்தாள். மாமனார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோதெல்லாம் நான் பொத்தினேன். அவருடைய ஜீப்பிலேயே நான்கு தலையணையை அண்டக்கொடுத்துப் படுக்க வைத்தோம். டிரைவரிடம் இருபதைத் தாண்டக் கூடாது என்றேன். உத்தமபாளையத்தில் வாழைத்தார் ஏற்றிய டிராக்டர் எங்களை முந்தியது. சின்னமனூரில் ஒரு சைக்கிள். ஒவ்வொரு வேகத்தடையிலும் மாமனார் தலையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தேன். மாமனார் வழியெல்லாம் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். மீதியை மழிக்க அடம்பிடிக்கிறார் என்று நினைத்து, அந்தக் கையையும் பிடித்துக்கொண்டேன்.

தேனியில் டாக்டரம்மா, நுரை காய்ந்து ஒட்டிய அவர் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மழித்த கன்னத்தில் விரல் வைத்தார்.

"இந்தக் கீறல் எப்பப் பட்டது?"

"மாப்ள வர்றதுக்கு முன்னாடியேம்மா. பிளேடு பட்டு ரத்தம் வந்துச்சு. கொஞ்ச நேரத்துல தானா நின்னுருச்சு. அதத்தான் சொல்ல வந்தேன், விட்டாத்தானே?"

டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, எந்த மூடிக் குழாய் என்று கேட்டார். பச்சை என்றேன். நான்கு முறை பார்த்தும் உறையவில்லை என்றேன்.

நீல மூடிக்குள் இருக்கும் மருந்தின் பிடியைச் சோதனையின்போது அவிழ்த்துவிடலாம். பச்சைக்குள் இருப்பது ஹெப்பாரின். பன்றிக் குடலில் இருந்து எடுக்கிற, கந்தகம் ஏறிய நீளமான சர்க்கரைச் சங்கிலி அது. நம் ரத்தத்தில் ஆன்டித்ராம்பின் என்று ஒரு புரதம் சோதனைச் சாவடியில் தூங்கி வழியும் காவலர் மாதிரி மெதுவாக வேலை பார்க்கும். அந்தச் சங்கிலியில் ஐந்து கண்ணி சரியாக வந்து அதன்மேல் பொருந்தினால் போதும். மேலதிகாரி தோளில் கை வைத்த மாதிரி, புரதம் நிமிர்ந்து உருவமே மாறி, உறைய வைக்கிற முக்கிய நொதிகளைத் தப்பவிடாமல் மடக்கிவிடும். அப்புறம் அந்தக் குழாயில் ரத்தம் எப்படி உறையும்? இதையெல்லாம் நான் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவன்.

நீல மூடியில் எடுத்துப் பார்த்தார்கள். பதின்மூன்று விநாடி.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மாமனார் இப்போதும் குமுளி மலை ஏறி இறங்குகிறார். வீட்டில் நான் எதற்காவது பதறினால் செல்வி சமையலறையில் இருந்தே, "என்ன கலர் மூடி?" என்பாள். பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள்.

அன்று தேனியில் இருந்து திரும்பும்போது ஜீப் எழுபதில் பறந்தது. மாமனார் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.  வீரபாண்டி தாண்டியதும் அவர் திரும்பாமலேயே சொன்னார்:

"மாப்ள, குழாய நாலு தடவ பாத்தீக. என்னய ஒரு தடவ பாத்தீகளா?"