ஐந்தாம் மாடித் துவக்கு

ஐந்தாம் மாடி வெள்ளைக்காரன் ஐவின் யோகராசாவுக்குத் தரவேண்டியிருந்தது சரியாக மூவாயிரத்து அறுநூற்று நாற்பது குரோன். கராஜில் காரை எடுக்கப் போன இடத்தில் ஐவின் வங்கிக் கார்டை வீட்டில் விட்டுவிட்டு முழிக்க, கூடப் போன யோகராசா பொக்கற்றில் கிடந்த சீட்டுக் காசை எடுத்து நீட்டிவிட்டான். அந்த நேரம் அது பெரிய மனிசத்தனமாகத்தான் இருந்தது.

ஒரு கிழமை போயிற்று. லிப்டில் கண்டால் ஐவின் சிரிக்கிறான். காசைப் பற்றி மூச்சில்லை.

"போய்க் கேளுங்கோவன்" என்றாள் மனைவி சிறிதேவி. "சீட்டுக்கார அருள்நாயகியக்கா வாசலிலை வந்து நிண்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?"

"நேரை கேக்கிறது மரியாதையோ? போய் இருந்து நாலு கதை கதைச்சால் அவனாய் எடுத்துத் தருவான்."

ஊரில் அப்படித்தான். கடன் வாங்கினவன் வீட்டுக்குப் போய், தேத்தண்ணி குடித்து, மழையைப் பற்றிக் கதைத்தால் போதும். மற்றவன் தானாக விளங்கிக்கொண்டு அலுமாரியைத் திறப்பான். இந்தக் குளிர்நாட்டு வெஸ்ட்லியிலும் அது செல்லும் என்று யோகராசா நம்பினான்.

சனிக்கிழமை மேலே போனான். குசினி மேசையில் பேப்பரை விரித்து, அதன்மேல் ஒரு துவக்கைக் கழற்றிப் போட்டு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான் ஐவின். துவக்குக்குப் பயந்து ஊரைவிட்ட யோகராசாவுக்கு வாசலிலேயே கால் ஒட்டிக்கொண்டது. மூலையில் ஐவினின் மனைவி சுல்வாய் கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். ஊசிகள் அசைந்தன, வாய் அசையவில்லை.

கோப்பி வந்தது. பனியைப் பற்றிக் கதைத்தார்கள்.

"கார் எப்பிடி?"

"நல்லா ஓடுது."

இன்னும் ஒரு சொல் போனால் காசில் முட்டும். யோகராசாவுக்குக் கூச்சம் பிடித்தது. அவசரமாக மேசையைக் காட்டி, "இது... நல்ல துவக்கோ?" என்று கேட்டுவிட்டான்.

அதுதான் பிழை.

"உனக்கு இதிலே விருப்பமா!" ஐவினுடைய முகம் நத்தார் மரத்து விளக்குப்போலப் பற்றியது. "இது ரைபிள். ஆனால் இதன் அறைக்குள்ளே போவது கைத்துவக்குத் தோட்டா. நாற்பத்துநாலு மாக்னம்!" ஒன்றை எடுத்து யோகராசாவின் உள்ளங்கையில் வைத்தான். குட்டையாக, தடியாக, அவனுடைய வேலைத்தல மேற்பார்வையாளரைப் போலவே இருந்தது. "ஒருமுறை அழுத்தினால் ஒன்று போகும். அந்த வெடியின் வேகமே அடுத்ததை உள்ளே தள்ளிவிடும்."

"அப்ப நல்ல பலமோ?"

"கிட்ட என்றால் இடி. தூரம் போகப்போகக் களைத்துவிடும். எல்க் வேட்டைக்கு நூறு மீற்றரில் சட்டம் கேட்கிற பலம் இதற்கு இல்லை."

எல்க் என்பது இங்கத்தைய காட்டில் திரியும் குதிரையளவு மான். அது யோகராசாவுக்கு முக்கியமில்லை. களைத்துவிடும் என்ற சொல்தான் அவனைப் பிடித்தது. தன்னுடைய காசுக் கேள்வியும் அதே சாதிதான். வீட்டு வாசலில் இடி, ஐந்தாம் மாடிக்கு வர ஒன்றுமில்லை.

அன்றைக்குச் சாப்பாட்டில் அவன் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தான். குழல், அறை, தோட்டா என்று கையால் காட்டினான். மற்ற நாளெல்லாம் சரக்குக் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு வந்து, சாப்பிட்ட கையோடு சோபாவில் சரிகிற மனிசன். சிறிதேவி கறிக் கரண்டியைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த சனிக்கிழமை அவளே மீன் ரோல்ஸ் பொரித்துப் பெட்டியில் கட்டிக் கொடுத்தாள்.

"போய் ஆறுதலாய் இருந்து கதையுங்கோ. காசைப் பற்றி அவசரப்படாதேங்கோ."

இந்த முறை யோகராசா சாடைமாடையாகத் தொடங்கினான். "இப்ப எல்லாச் சாமானும் விலை."

"உண்மை. தோட்டாவும் விலைதான்" என்றான் ஐவின், ரோல்ஸைக் கடித்தபடி.

யோகராசா நீளமாகப் பெருமூச்சு விட்டான். ஊரில் அந்தப் பெருமூச்சுக்கு வட்டியும் சேர்ந்து வந்திருக்கும். ஐவின் அவன் தோளைத் தட்டினான்.

"ஏக்கம் எனக்கு விளங்குது. வாற கிழமை சுடுகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறேன்."

போனார்கள். காதுக்கு மூடி போட்டு, பின்னால் நின்று பிடித்துப் பழக்கினான் ஐவின். யோகராசா கண்ணை மூடிக்கொண்டு, முருகனைக் கூப்பிட்டு, அழுத்தினான். அவனுடைய இலக்குப் பலகை பழுதில்லாமல் நின்றது. பக்கத்துக்காரனுடைய பலகையில் நடுவில் ஓட்டை. பக்கத்துக்காரன் வந்து கைகுலுக்கி நன்றி சொன்னான்.

"இயற்கையான கை!" என்றான் ஐவின். அந்தச் சூட்டோடு வேட்டைப் பரீட்சை வகுப்புக்கும் யோகராசாவின் பேரைப் பதிந்துவிட்டான். வகுப்புக் காசு யோகராசாவின் பொக்கற்றிலிருந்து போயிற்று. கிடைத்தது செங்கல் மொத்தத்தில் ஒரு புத்தகம். வளர்ந்தபிறகு எழுத்துக் கூட்டப் பழகியவனுக்கு நொஸ்க் மொழியில் பறவைகளின் பேரே தலையைச் சுற்றியது.

சிறிதேவி அடுப்படியில் நின்று புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டாள்.

"தாய் எல்க்கும் கன்றும் நிண்டால் முதல் எதைச் சுடவேணும்?"

"எனக்கு ஒண்டையும் சுடவேண்டாம், சிறி. என்ரை காசு வந்தால் காணும்."

"கன்றை. அடுத்தது கேக்கிறன்."

"இந்த மாசச் சீட்டுக்கு என்ன செய்தனீர்?"

"எப்பிடியோ சமாளிச்சன்."

எப்படியோ என்றால் அருள்நாயகியிடமே கைமாற்று வாங்கியிருக்கிறாள் என்று யோகராசா முடிவு கட்டினான். அதற்குப் பிறகு ரயில் மேடையில் அருள்நாயகியைக் கண்டால் தூணுக்குப் பின்னால் நின்றான். அந்த மனிசி தூணுக்கும் கையசைத்துவிட்டுப் போனாள்.

இலையெல்லாம் கொட்டி முடிந்த ஒரு சனிக்கிழமை. ஐவின் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டான்.

"உட்கார். நல்ல செய்தி. எல்க் வேட்டைக்கு நான் வேறு ரைபிள் வாங்கப் போறேன். இதை உனக்கே தாறேன்! பரீட்சை முடிய, பொலிசில் லைசென்சுக்கு எழுதலாம். உனக்கு என்றபடியால் பாதி விலை."

பாதி விலை. யோகராசாவுக்குக் கண்ணுக்குள் எல்லாம் ஓடின. சோபாவுக்குப் பக்கத்தில் இரும்பு அலுமாரி. அதற்குள் துவக்கு. 'துவக்குக்குப் பயந்து ஓடினவன் அங்கை போய்க் காசு குடுத்து வாங்கினவனாம்' என்று தொலைபேசியில் சிரிக்கிற சொந்தக்காரர். தன் காசைக் கேட்க வந்தவன் இனித் துவக்குக்கும் காசு கட்டவேண்டும்.

கேள்வி முதல்முறையாகக் களைக்காமல் ஐந்தாம் மாடிக்கு வந்து சேர்ந்தது.

"எனக்குத் துவக்கு வேண்டாம்!" என்று கத்தினான், தெரிந்த நொஸ்க் எல்லாவற்றையும் சேர்த்து. "எல்க் வேண்டாம்! பரீட்சை வேண்டாம்! என்ரை கார்க் காசைத் தா!"

ஐவின் மெல்லக் கதிரையில் இருந்தான்.

"துவக்கு வேண்டாமா?"

"வேண்டாம்."

"உண்மையாக?"

"பிள்ளையாராணை."

ஐவின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான். "அப்பாடா! இதை எப்பவோ விற்க இருந்தவன் நான். நீ இவ்வளவு ஆசையாக வாறாயே என்றுதான் வைத்திருந்தேன். சொல்வதற்கு விஷயம் முடிந்து, வெள்ளிக்கிழமைகளில் நூலகத்தில் போய்ப் படித்துக்கொண்டு வாறேன்!"

யோகராசாவுக்கும் முதுகிலிருந்து மூட்டை இறங்கியதுபோல் இருந்தது. அவனும் சிரித்தான். இரண்டுபேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிறிதேவி கட்டிவிட்ட பெட்டியிலிருந்து ஆளுக்கொரு ரோல்ஸ் எடுத்தார்கள்.

"ஆனால் கார்க் காசு?" என்று திடீரென்று நிமிர்ந்தான் ஐவின். "அது எப்பவோ கொடுத்தாச்சே! சுல்வாய், நீதானே கீழே கொண்டுபோனாய்?"

மூலையில் ஊசிகள் நின்றன.

"யோகராசா முதல்தரம் வந்துபோன அடுத்த நாளே சிறிதேவியின் கையில் கொடுத்தேன்" என்றாள் சுல்வாய். "'அவர் நேற்று ராத்திரிதான் இந்த நாட்டிலை வாய்நிறையக் கதைச்சவர், காசு வந்தது தெரிஞ்சால் மேலை வரமாட்டார், சொல்லிப்போடாதேங்கோ' என்றாள். என்னுடைய மனிசனும் பன்னிரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் வாய் திறந்தவர், அதனால் நானும் சொல்லவில்லை."