வேலை இல்லாதவர் இல்லாத தெரு

"அந்த ஆர்டரை நாளைக்குள்ள அனுப்பிடணும். சாக்குப்போக்கெல்லாம் எங்கிட்ட வேண்டாம்!" என்று மாப்பிள்ளை போனில் யாரையோ விளாசிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. மறுமுனையில் யாரும் இல்லை. அவருக்கு வேலை போய் நான்கு மாதமாகிறது.

மாமனார் வந்து தங்கியிருப்பதால்தான் இந்தக் கூத்து. "அப்பாகிட்ட மூச்சு விடாதீங்க. அவருக்கு பிரஷர் இருக்கு" என்று உத்தரவு போட்டுவிட்டு, மனைவி மருந்துக்கடை வேலைக்குப் போய்விடுவாள். மாப்பிள்ளை லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்தபடியே வேலை பார்ப்பார். மாமனார் ஒரு மில்லில் சூப்பர்வைசர். சேர்த்து வைத்த லீவை எல்லாம் மொத்தமாகப் போட்டுவிட்டு மகள் வீட்டுக்கு வந்திருக்கிறாராம்.

வாசலில் கையில் டேப்லெட்டோடு ஒரு பெண். "சார், நகரத்துல வேலையில்லாதவங்க எத்தனை பேருன்னு கணக்கெடுக்கறோம்."

மாப்பிள்ளை அவசரமாக வெளியே வந்தார். "வெளியிலயே பேசலாம்மா. உள்ள மாமா தூங்கறார்" என்று கதவைச் சாத்தினார்.

கதவு திறந்தது. தூங்காத மாமனார் நாற்காலியோடு நின்றார். "பாவம், இத்தனை மாடி ஏறி வந்திருக்கு பொண்ணு. உக்காரும்மா." உள்ளே போய் இன்னொன்றும் கொண்டுவந்து, அதில் அவரே உட்கார்ந்துகொண்டார்.

"போன வாரம் ஒரு மணி நேரமாவது சம்பளத்துக்கு வேலை பார்த்தீங்களா சார்?"

மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தி என்னவோ முனகினார்.

"சத்தமா சொல்லுங்க மாப்ளே! ஒரு மணி நேரமா? சாப்பிடற நேரத்துலகூட போன்ல ஆளுங்களை விரட்டிக்கிட்டிருக்கார்மா இவர்."

"பார்த்தேன்" என்றார் மாப்பிள்ளை, வேறு வழியில்லாமல்.

"உங்களுக்குக் கீழ எத்தனை பேர்?"

அவர் போட்ட அதட்டலுக்கு நாலைந்து பேர் காணாது. "இருபது பேர்."

"இந்த வருஷம் யாரையாவது வேலையை விட்டு எடுத்தாங்களா?"

எடுத்தார்கள். ஒரே மின்னஞ்சலில் அவருடைய பிரிவையே காலி செய்தார்கள். "சேச்சே! புதுசா எடுத்துக்கிட்டே இருக்காங்க. ஆள்தான் கிடைக்கமாட்டேங்குது."

மாமனார் நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஐயாவும் இங்கதான் இருக்காரா?" "விருந்துக்கு வந்திருக்கார்" என்றார் மாப்பிள்ளை. "அப்ப அவரை இங்க எழுத மாட்டோம்" என்று அந்தப் பெண் எழுந்தாள். "நல்ல சேதிதான் சார். போன தடவைக்கு இப்ப எவ்வளவோ குறைஞ்சிருக்கு. இந்தத் தெருவுல வேலை இல்லாதவர் ஒருத்தர்கூட இல்ல."

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. எதிர்வீட்டுக்காரர் தினமும் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பிப் போய், சாயங்காலம் வரை பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை அவரே பார்த்திருக்கிறார். மாடிவீட்டுக்காரரும் கொஞ்ச நாளாகப் பகலில் வீட்டில்தான் இருக்கிறார். ஊரே இப்படி வாசலில் நின்று மானத்தைக் காப்பாற்றிக்கொண்டால், நாளைக்குச் செய்தியில் எல்லோரும் சௌக்கியம் என்றுதான் வாசிப்பார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் கணக்கில் ஒரு ஆளாகவாவது இருந்திருக்கலாம். அவருக்கு அவமானமாக இருந்தது.

அவள் படியிறங்கிப் போனதும், வருவது வரட்டும் என்று ஆரம்பித்தார். "மாமா, உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"இருங்க மாப்ளே, முதல்ல நான் சொல்லிடறேன்." மாமனார் கதவைச் சாத்திவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "ஆள் கிடைக்கலைன்னீங்களே, உங்க கம்பெனியில என்னை எடுத்துப்பாங்களா? மில்லுல என்னை அனுப்பிட்டாங்க, ரெண்டு மாசமாச்சு."