மாமியாரை எடை போட்ட அன்று

பிள்ளைகளா, உங்கள் அம்மாவை நான் பெண் கேட்ட லட்சணத்தை இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தேன். உங்கள் ஆச்சி அதற்குக் கை கால் வைத்துச் சொல்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. லோஹேகாவ் விமானப்படைத் தளத்தில், சரக்கு விமானப் பிரிவில் இருந்தேன். அரபிக்கடலின் தூரத் தீவுகளில் காவல் நிற்பவர்களுக்கு அரிசி முதல் ஆள் வரை ஏற்றி அனுப்புவது எங்கள் வேலை. தீவில் எரிபொருள் கிடைக்காது. திரும்பி வருவதற்கும் சேர்த்து இங்கேயே நிரப்பவேண்டும். அதனால் ஒவ்வொரு கிலோவும் முக்கியம். ஏறுகிற ஆளையும் தராசில் ஏற்றி, எடையை இரண்டு முறை உரக்கச் சொல்லவேண்டும். டேங்கர் லாரி இரைச்சலில், தூரத்தில் நின்று எழுதும் கிளார்க் காதில் விழவேண்டுமே. (என் தொண்டை யூனிட் முழுக்கப் பிரசித்தம்.)

அம்பாசமுத்திரத்துக்காரரான ஒரு சார்ஜென்ட், குடும்பத்தோடு அந்தத் தீவுக்கு மாற்றலானார். அவர் மகளுக்கு என்னைப் பேசியிருந்தார்கள். விமானம் ஏறும்போது முடிவு சொல்வதாக ஏற்பாடு. சட்டைக்கு இரண்டு தடவை இஸ்திரி போட்டுக்கொண்டு நின்றேன். என் கடமை உணர்ச்சியைப் பார்த்தே பெண் கொடுத்துவிடுவார்கள் என்று நம்பிக்கை.

சார்ஜென்ட் தராசில் ஏறி இறங்கினார். அடுத்து அவர் மனைவி, உங்கள் ஆச்சி. படிவத்தில் அறுபத்திரண்டு என்று எழுதியிருந்தது. முள் எழுபத்தொன்பதில் போய் நின்றது. மூளை உள்ளவன் காதோடு சொல்லியிருப்பான். நான் "எழுபத்தொன்பது" என்று கத்தினேன். விதிப்படி இன்னொரு முறையும் கத்தினேன். வரிசையில் நின்ற ஜவான்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தராசு சரியில்ல தம்பி," என்றார் மெதுவாக.

"காலைலதான் சரி பாத்தோம்மா. செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க."

ஏறினார். எழுபத்தெட்டரை. (அதையும் இரண்டு முறை.)

பதினாறரை கிலோ கூடுதல். தீவுக்குப் போகும் மருந்துப் பெட்டிகளைத் தொட முடியாது, எரிபொருளைக் குறைக்க முடியாது. அவர்கள் சாமானில்தான் எதையாவது இறக்கவேண்டும் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் முதலில் என் கல்யாணம்தான் இறங்கியது.

உங்கள் அம்மா தன் டிரங்குப் பெட்டியை என் பக்கம் தள்ளினாள். "இது இருக்கட்டும். அடுத்த ட்ரிப்புல இவங்களே அனுப்பி வைப்பாங்க." சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள் என்று பின்னால் தெரிந்தது. முடிவு சொல்லாமலே எல்லோரும் ஏறிப் போய்விட்டார்கள்.

மூன்று வாரம் அந்தப் பெட்டிக்குக் காவல் இருந்தேன். அடுத்த விமானத்தில், நாலு தடவை அடித்துத் திருத்திய மன்னிப்புக் கடிதத்தோடு அனுப்பினேன். அதே விமானம் திரும்பி வந்தபோது உங்கள் ஆச்சியின் பதில் வந்தது.

"பெட்டி வந்து சேந்துது தம்பி. பொண்ணு குடுக்கப் போற வீட்டுக்காரிக்குக்கூட ஒரு கிலோ குறைச்சுச் சொல்லத் தெரியல உங்களுக்கு. கோவமாத்தான் ஏறினேன். கீழ எங்க பாத்தாலும் கடலா இருந்ததப் பாத்தப்புறம், நல்லவேளைன்னு தோணிச்சு. தையில கல்யாணத்தை வச்சிக்கிடலாம்."

கல்யாணம் நடந்தது. ஆச்சியும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

பெரியவளே, நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவின் ஒரு கோடியில் நின்றேன். மறுகோடியில் கதவைத் திறந்துகொண்டு ஆச்சி வந்தார். கிட்டே வரவில்லை. அங்கேயே நின்று, "ரெண்டு கிலோ எண்ணூறு" என்று கத்தினார். நர்சுகள் திரும்பிப் பார்த்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு முறையும் கத்தினார்.

நான் பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.